மேக்ஃபைலும் கட்டளைவரி ஆர்கியுமென்டும்

மேக்ஃபைல் என்பது, எந்தக் கோப்பு எந்தக் கோப்பிலிருந்து உருவாக வேண்டும், அதற்கு என்ன கட்டளை என்று எழுதிவைத்த உரைக்கோப்பு. அதைப் படித்து நிரலைக் கட்டித் தருவது 'மேக்' என்னும் கருவி. கட்டிய நிரலை ஓட்டும்போது அதன் பெயருக்குப் பின்னால் தட்டும் சொற்கள் கட்டளைவரி ஆர்கியுமென்ட்; பாடநூல் தமிழில் செயலுருபு.

இரண்டில் மூத்தது ஆர்கியுமென்ட். யூனிக்ஸ் பிறப்பதற்கு முன்பே, 1960களில், எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் அது புழக்கத்தில் இருந்தது. பின்னர் சி மொழி, வந்த சொற்களின் எண்ணிக்கையையும் பட்டியலையும் நிரலின் வாசலிலேயே கொடுத்தது.

மேக் பிறந்தது ஓர் எரிச்சலில். 1976இல் பெல் ஆய்வகத்தில் நிரலாளர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுது முழுக்க ஒரு பிழையைத் துரத்தினார். பிழையை ஏற்கெனவே திருத்தியாயிற்று. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்திருந்தார். இந்தப் புலம்பலைக் கேட்ட சகா ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஒரு வார இறுதியில் மேக்கை எழுதினார். விளைவுக்கோப்பு இல்லாவிட்டாலோ, மூலக்கோப்பு அதைவிடப் புதிதாக இருந்தாலோ மட்டும் மேக் வேலை செய்யும். காய்ந்த வயலுக்குத்தான் மடை திறப்பது போல. தண்ணீர் நிற்கிற வயலை யாரும் தொடுவதில்லை. மேக்ஃபைலில் கட்டளை எழுதும் வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி அன்றே நுழைந்தது. அதை மாற்ற ஃபெல்ட்மன் நினைத்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்; அவர்களைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. அந்தத் தயவுக்கு உலகம் இன்னும் விலை கொடுக்கிறது. 2003இல் மேக்குக்காக அவருக்கு ஏ.சி.எம். மென்பொருள் அமைப்பு விருது கிடைத்தது.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்து மாணவர், நிரலைக் கட்டும் வேலையும் ஆர்கியுமென்டும் உரசிக்கொள்ளும் இடத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் சந்திக்கிறார். 2019இல் வந்த அந்த நூலின் 14ஆம் பாடத்தில் ஒரு பைத்தான் நிரல் இருக்கிறது. '-i' என்று தட்டி, சி பிளஸ் பிளஸ் கோப்பின் பெயரை '.cpp' என்ற வால் இல்லாமல் கொடுத்தால், அது கெட்ஆப்ட் என்னும் பைத்தான் தொகுதி மூலம் பெயரைப் பிரித்தெடுத்து, கம்பைலரைக் கூப்பிட்டு, பிறந்த நிரலை ஓட்டியும் விடும். ஆர்கியுமென்ட் போவது பைத்தான் நிரலுக்கு. சி பிளஸ் பிளஸ் நிரலுக்கு அல்ல. கோப்பு மாறாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கம்பைல் ஆகும். ஒற்றைக் கோப்புக்கு அது நஷ்டமில்லை. நூறு கோப்பு என்றால் மேக் போன்ற கருவி இல்லாமல் ஆகாது.

மேக்குக்கும் ஆர்கியுமென்ட் உண்டு. ஆனால் அவை அதற்கே உரியவை. நிரலை ஓட்டுவதற்கு மேக்ஃபைலில் 'ரன்' என்று ஓர் இலக்கு, அதாவது மேக் செய்ய வேண்டிய வேலையின் பெயர், எழுதிவைத்து, 'மேக் ரன் 5' என்று தட்டினால் 5 நிரலுக்குப் போகாது. நிரல் வெறுமனே ஓடி முடியும். பிறகு, 5ஐ உருவாக்க விதி இல்லை என்று மேக் நின்றுவிடும். மேக் ஓடும் அடைவில் 5 என்றே ஒரு கோப்பு இருந்துவிட்டாலோ, அதற்குச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். 5 நிரலுக்குப் போக வேண்டுமானால், அதை ஒரு மாறியில் வைத்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.