குழாய் திறந்ததா, வடிகால் அடைத்ததா?

சென்ற ஆண்டு அப்பாவின் இதயம் பலவீனமாகிவிட்டது என்று சொன்ன மருத்துவர், மற்ற மாத்திரைகளோடு இவாப்ராடின் என்ற ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ இன்ஜினியர்தானே, இது உள்ள போயி என்னா செய்யுது?"

"துடிப்ப கொறைக்கும்பா."

"அத டாக்டரே சொல்லிட்டாரு. எப்படி கொறைக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. அந்த 'எப்படி'யைத் தேடிப் போனபோதுதான் டெனிஸ் நோபல் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. உயிரைக் கணினியில் சமன்பாடுகளாக எழுதிப் பார்க்கும் துறைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர்.

கதை 1952இல் தொடங்குகிறது. நாம் சோத்தோங் என்று சொல்கிற கணவாயின் நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர் சமன்பாடுகளாக எழுதினார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த கணினி அப்போது பயன்பாட்டில் இல்லாததால், ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுற்றி இயக்கும் கருவியில்தான் கணக்கைப் போட்டார்.

நோபல் அதை இதயத்துக்குக் கொண்டுபோக நினைத்தார். நரம்பின் துடிப்பு ஒரு மில்லிவினாடி அளவில் முடிந்துவிடும். இதயச் செல்லின் துடிப்பு அதைப்போல் சில நூறு மடங்கு நீளம். லண்டனில் ஆய்வு மாணவராக இருந்தவர், பல்கலைக்கழகத்தின் ஃபெராண்டி மெர்குரி கணினியைக் கேட்டுப் போனார். உங்கள் சமன்பாட்டில் ஊசலாடும் பகுதி எங்கே என்று அங்கிருந்தவர்கள் கேட்டதற்கு அவரால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பொறியியல் மாணவர்களின் கணித வகுப்பில் போய் உட்கார்ந்தார். (இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை.) பிறகு கிடைத்த நேரம், நள்ளிரவுக்குப் பின் 2 மணியிலிருந்து 4 மணி வரை. அது முடிந்ததும் கசாப்புக் கூடத்துக்குப் போய் ஆட்டு இதயம் வாங்கி வந்து பரிசோதனை.

1960இல், 23 வயதில், அவருடைய கணினி இதயம் துடித்தது. ஊசலாடும் பகுதி என்று தனியாக எதுவுமே அதில் இல்லை. மின்னழுத்தம் அயனி வாயில்களைத் திறந்து மூடுகிறது. அந்த வாயில்கள் மின்னழுத்தத்தை மாற்றுகின்றன. இந்தச் சுற்றிலிருந்தே தாளம் பிறந்தது. எந்த ஒரு மூலக்கூறிலும் தாளம் இல்லை, மொத்த அமைப்பில்தான் இருக்கிறது என்பதை அவர் பிற்காலத்தில் தொடர்ந்து வலியுறுத்தினார்.

என்னைப் பிடித்து உலுக்கியது இதற்குப் பிறகு நடந்ததுதான். இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் செல்லின் மின்னழுத்தம் மெல்ல மெல்ல ஏறுகிறது. ஏன்? 1968இல் நோபலும் ரிச்சர்ட் சியனும் அளந்து பார்த்து, வெளியே போகும் பொட்டாசிய மின்னோட்டம் ஒன்று படிப்படியாக அடங்குவதுதான் காரணம் என்றார்கள். 1975இல் வந்த மாதிரியிலும் அது இடம்பெற்றது. வளைகோடு அழகாகப் பொருந்தியது.

நம் வீட்டுக் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் ஏறுகிறது. வடிகால் அடைபடுவதாலும் ஏறலாம், குழாய் திறப்பதாலும் ஏறலாம். மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு எது என்று தெரியாது.

1979இல் ஆக்ஸ்போர்டில் ஹிலரி பிரவுன், டாரியோ டிபிரான்செஸ்கோ, நோபலின் மனைவி சூசன் ஆகிய மூவரும், இதயத் தாளம் தொடங்கும் இடத்தில், உள்ளே பாயும் மின்னோட்டம் ஒன்றை விவரித்தார்கள். வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டதால் அதற்கு 'வேடிக்கை மின்னோட்டம்' என்றே பெயர். 1981இல் டிபிரான்செஸ்கோ அடுத்த அடியை எடுத்துவைத்தார். பேரியத்தைக் கொண்டு வேறொரு பொட்டாசிய மின்னோட்டத்தைத் தடுத்துவிட்டுப் பார்த்தால், நோபல் 1968இல் கண்டதும் இதே மின்னோட்டம்தான். வடிகால் அடையவில்லை, குழாய் திறந்திருக்கிறது. செல்களுக்கு இடையிலான குறுகிய இடுக்குகளில் பொட்டாசியத்தின் அளவு மாறியதுதான் முதலில் ஏமாற்றியது.

பதின்மூன்று வருடம் நின்ற கட்டடத்தின் தூண் ஒன்று போனது. நோபல் என்ன செய்தார்? தன்னைத் திருத்திய அதே டிபிரான்செஸ்கோவோடு சேர்ந்து உட்கார்ந்து புதிய மாதிரியை எழுதினார். 1985இல் வெளிவந்த அது, பிறகு வந்த பல இதய மாதிரிகளுக்கு அடிப்படையானது. ஐரோப்பாவில் 2005இல் அனுமதி பெற்ற இவாப்ராடின் தடுப்பது அந்த வேடிக்கை மின்னோட்டத்தைத்தான்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கருவியின் வெப்பப் பரவலைக் கணினியில் போட்டுக் காட்டினேன். அளந்த வளைகோட்டோடு பொருந்தவில்லை. ஒரே ஒரு எண்ணை ஏற்றிக்கொண்டே போனேன், பொருந்திவிட்டது. எல்லோரும் பாராட்டினார்கள். வெப்பமானியை ஒட்டியதில்தான் கோளாறு என்று சில மாதங்கள் கழித்து எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. நோபலுடையது நேர்மையான தவறு. என்னுடையது அப்படி இல்லை.

மறுநாள் அந்த அறிக்கையைத் திருத்தி அனுப்பினேன். மேலாளர் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை.

அன்று மாலை அப்பாவிடம் தொட்டிக் கதையைச் சொன்னேன். "அப்ப இந்த மாத்திர கொழாய கொஞ்சம் மூடுது," என்றார்.

"ஆமாப்பா."

"மொதல்ல அடைப்புன்னு நெனச்சிட்டாங்களா?"

"ஆமா."

"பரவால்ல, யாராவது ஏறிப் போயி பாத்தாங்களே," என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.