பெயர் சொல்லாத சட்டமும் மூழ்கிய ஊரும்

1983 அக்டோபரில் துருக்கியின் ராணுவ ஆட்சி 2932 எண்ணுள்ள சட்டத்தைக் கொண்டுவந்தது. துருக்கி அங்கீகரித்த நாடுகளின் முதல் ஆட்சிமொழியாக இல்லாத எந்த மொழியிலும் கருத்துக்களை வெளியிடக்கூடாது என்றது அது. குர்திஷ் என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஈராக்கில்கூட குர்திஷுக்குக் கிடைத்தது இரண்டாவது ஸ்தானம்தான் என்பதால், பெயர் சொல்லாமலே காரியம் முடிந்தது. 1991ல் சட்டம் ரத்தாயிற்று. ஆனால் அதே பத்தாண்டில் தென்கிழக்கில் கிராமங்கள் காலிசெய்யப்பட்டன. 1998ல் நாடாளுமன்றக் குழு ஒப்புக்கொண்ட கணக்கு: 905 கிராமங்கள், 2,523 குடியிருப்புகள், 3,78,335 பேர். குர்திஷ் தரப்பு சொல்வது இதைவிடப் பலமடங்கு.

இந்த மனிதர்களில் ஒருவன் இஸ்தான்புல் தெருவில் பாட்டுக் கேஸட் விற்கிறான். யெஷிம் உஸ்தாவோலுவின் 'சூரியனை நோக்கிய பயணம்' (1999) படத்தில் வரும் பெர்ஸான் அவன்தான்.

'சமூகப் பிரக்ஞை' முத்திரையோடு வரும் படங்களை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் அணுகுவது. பாதிக்கப்பட்டவன் பேச ஆரம்பித்ததும் கலை எழுந்துபோய்விடுகிறது. உஸ்தாவோலு பெர்ஸானைப் பேசவிடுவதைவிட, அவன் நண்பன் மெஹ்மெத்தைப் பார்க்கவைக்கிறார். மெஹ்மெத் குர்து அல்ல; மேற்கே திரே என்ற ஊரிலிருந்து வந்தவன். கால்பந்து வெற்றியைக் கொண்டாடும் கும்பலிடம் சிக்கிய இரவில் இருவருக்கும் சிநேகம். பிறகு ஒருநாள் பஸ்ஸில் மெஹ்மெத்தின் பக்கத்தில் எவனோ விட்டுப்போன பையில் துப்பாக்கி. அவனோ கறுப்பு நிறம். திரே என்று சொன்னதைப் போலீஸ் நம்பவில்லை. அடிபட்டு வெளியே வந்தால் அறைக் கதவில் சிவப்புப் பெருக்கல் குறி. வேலையும் போகிறது. தலைமுடிக்கு மஞ்சள் சாயம் அடித்துக்கொள்கிறான். அடையாளம் என்பது ரத்தத்தில் இருப்பதாக எண்ணுகிறவர்கள் இந்த மஞ்சள் முடியைப் பார்க்கவேண்டும். எதிரே நிற்கிறவன் தீர்மானிப்பதுதான் இங்கே இனம்.

மெஹ்மெத்தின் வேலையைச் சொல்லவேண்டும். குடிநீர்க் குழாய் பூமிக்கடியில் எங்கே ஒழுகுகிறது என்று, கோலைத் தரையில் ஊன்றிக் காது வைத்துக் கேட்பது. நகரத்தில் சொட்டுத் தண்ணீர் வீணாகாமல் காவல். பெர்ஸான் உண்ணாவிரதக் கைதிகளுக்கான ஆர்ப்பாட்டத்தில் செத்தபின், அவன் சவப்பெட்டியோடு மெஹ்மெத் கிழக்கே போகிறான். வழியில் ஆளில்லாத வீடுகளின் கதவுகளிலும் அதே சிவப்புக் குறி. நண்பனின் ஊரான ஸோர்துச் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. இது கற்பனைத் தத்துவம் அல்ல. தென்கிழக்கு அனதோலியத் திட்டத்தின் 22 அணைகளில் ஒன்றான அதாதுர்க் அணை, பழைய சம்சாத் ஊரை விழுங்கியது நடந்த சரித்திரம். படத்தில் யாரும் இதை விளக்கவில்லை. பெட்டி தண்ணீரில் மிதக்கிறது.

காதலி அர்ஸூவின் பகுதிகள் எனக்குச் சோகையாகவே பட்டன. ஆனால் போலந்து ஒளிப்பதிவாளர் யாசெக் பெட்ரிட்ஸ்கி, கீஸ்லோவ்ஸ்கியின் தொடக்ககாலச் சகா, இஸ்தான்புல்லை அஞ்சலட்டையாக ஆக்காமல் காப்பாற்றிவிடுகிறார்.

படம் 1999 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் அமைதிக்கான பரிசு பெற்றது. விழா நடந்துகொண்டிருந்தபோதே, 15ந் தேதி, நைரோபியில் ஒசலான் பிடிபட்டார். ஐரோப்பிய நகரங்களில் குர்துகள் தெருவுக்கு வந்தார்கள். 1982ல் கானில் தங்கப் பனை பெற்ற யில்மாஸ் குனெயின் 'யோல்', அதே மாதம்தான் தடை நீங்கித் துருக்கியின் திரைகளுக்கு வந்தது. குனெய் 1984லேயே பாரிஸில் இறந்துபோயிருந்தார்.

ரயிலில் ஓர் இளம் சிப்பாய் மெஹ்மெத்திடம் பேச்சுக்கொடுக்கிறான். அவனுக்கும் சொந்த ஊர் திரே. உனக்கு எந்த ஊர் என்கிறான். ஸோர்துச் என்கிறான் மெஹ்மெத்.