ஆரையும் சுஷ்ணியும்

டாலிகஞ்சுச் சந்தையில் கீரைக் கூடையைக் கண்டதும் நம்மவருக்கு ஊர் நினைவு எழுவது இயல்பு. ஆயினும், ஆரைக்கீரையை நாடிச் சென்ற நாம் முதன்முறை வாங்கி வந்தது 'ஆம்ருல்'. அது நம் புளியாரை. கோப்புகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு பிடி கீரையைப் பெயர்க்கத் தெரியவில்லை! வீட்டிலோ சிறுநீரகக் கல்லால் வருந்தும் பெரியவர் இருந்தார். புளியாரையின் புளிப்புக்குக் காரணமான ஆக்சாலிக் அமிலம் அவருக்கு ஆகாது. நல்ல வேளையாக, அடுப்பேறுமுன் பிழை புலனாயிற்று.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. புளியாரைக்கு இதய வடிவில் மூன்று சிற்றிலைகள்; மஞ்சட்பூ உண்டு. ஆரைக்குச் சிற்றிலைகள் நான்கு, பூவே இல்லை. அது பெரணி இனத்தது. காம்பின் அடியில் பயறு போன்ற சிறு கொட்டைகளுள் அதன் வித்துத்தூள் தங்கும். வயலிலும் குளக்கரையிலும், நீர் தேங்கிய எவ்விடத்தும் தானே படரும். 1770களில் டாலி என்னும் ஆங்கிலேயர் ஆதிகங்கையைத் தூர்வாரிக் கால்வாயாக்கினார். அவர் பெயரையே தாங்கும் இப்பகுதிக்கு அத்தகைய ஈரநிலம் புதிதன்று.

ஆரையை வங்காளிகள் 'சுஷ்ணி' என்பர். காளிபூசைக்கு முன்னாள் அவர்கள் உண்ணும் பதினான்கு கீரைகளுள் அதுவும் ஒன்று. நம் நாட்டார் மிகுதாகத்திற்கும் மிகுநீருக்கும் அதனைக் கொண்டனர். வங்கத்தாரோ உறக்கம் தருவதெனப் போற்றினர். இந்நம்பிக்கை வெறும் பாட்டிக் கதையாக நின்றுவிடவில்லை. 1944இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் அறிவியல் டாக்டர் பட்டம் பெற்ற அசீமா சாட்டர்ஜி, பின்னாளில் ஆரையையும் சடாமாஞ்சிலையும் கொண்டு வலிப்பு நோய்க்கு 'ஆயுஷ்-56' என்னும் மருந்தை உருவாக்கினார். இந்தியப் பல்கலைக் கழகமொன்றில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணியும் அவரே.

ஆரையின் உறவுச் செடியொன்று ஆஸ்திரேலியாவில் 'நார்டு' எனப்படும். 1861இல் கூப்பர் ஓடைக்கரையில் உணவற்றுத் தவித்த பர்க், வில்ஸ் ஆகியோர் அதன் கொட்டைகளை அரைத்து நாள்தோறும் உண்டனர். வயிறு நிறைந்தும் உடல் மெலிந்து மாண்டனர். பி1 உயிர்ச்சத்தைச் சிதைக்கும் பொருளொன்று அதில் உண்டென்பதும், பழங்குடியினர் அறிந்த பக்குவம் அவர்களுக்குக் கைவரவில்லை என்பதும் பிற்கால ஆய்வாளர் கருத்து. உடன் சென்ற கிங் என்பார், யாண்ட்ருவாந்தா மக்களின் ஆதரவில் பிழைத்தார்.

நாம் கீரையை வேகவைத்தே உண்கிறோம். சந்தையிலோ, சிற்றிலைகளை எண்ணிய பின்னரே காசு கொடுக்கிறோம்; கீரைக்காரியும் இப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே காம்பை நீட்டுகிறாள்.