பத்தாம் விதியும் பெரியவர்களின் அந்தரங்கமும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் 9ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளுமுன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அதைப் பெறும் முறையை 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்ட விதிகளுள் 10ஆம் விதி வகுக்கிறது. இவ்விதி சிறாரை மட்டுமே தொடுகிறது, பெரியவர்களின் அந்தரங்கத்துக்குப் பங்கமில்லை என்னும் வாசிப்பு ஆய்வாளரிடையே நிலவுகிறது. சட்டத்தோடு சேர்த்துப் படித்தால் அது நிற்பதாகத் தெரியவில்லை.

அவ்வாசிப்புக்கு ஆதாரம் விதியோடு தரப்பட்டுள்ள நான்கு எடுத்துக்காட்டுகள். இரண்டில் பிள்ளையே தன் வயதைச் சொல்லிவிடுகிறது. இரண்டில் பெற்றோர் தாமாக முன்வருகிறார். யாரும் எதுவும் சொல்லாத நிலை நான்கிலும் இல்லை. ஆகவே எல்லாப் பயனரின் வயதையும் சோதிக்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்கிறார்கள். ஆனால் எடுத்துக்காட்டு எதுவும் பிரிவின் பொறுப்பைக் குறைத்துவிடாது. 9ஆம் பிரிவை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். பிள்ளை வயதை மறைத்தது என்பதற்காக அப்பிரிவு விலக்கு அளிக்கவில்லை. அந்நிலையில் எந்த நிறுவனமும் பயனரின் வாய்ச்சொல்லை நம்பி இருக்காது. சிறார் யார் என்று அறிய எல்லோரிடமும் வயதுச் சான்று கேட்டாக வேண்டும்.

கேட்டும் பயன் குறைவே. ஒப்புதல் தருபவர் வயதுவந்தவரா, அடையாளம் காணத்தக்கவரா என்பதையே விதி சோதிக்கச் சொல்கிறது; அவர் பிள்ளையின் தாயா தந்தையா என்பதைச் சோதிக்கச் சொல்லவில்லை. மேடவாக்கத்தில் ஒரே கைபேசி கைமாறும் ஒரு வீட்டில், பத்தொன்பது வயது அண்ணன் தன்னைப் பெற்றோர் என்று சொல்லி அடையாளம் காட்டினால் சோதனை நிறைவேறிவிடும். தம்பிக்குக் கிடைத்த பாதுகாப்பு ஒன்றுமில்லை. அண்ணனின் அடையாளம் மட்டும் நிறுவனத்தின் பதிவில் ஏறியிருக்கும்.

அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாகவும் பெறக்கூடிய, சான்று விவரங்களுக்குப் பதிலாகத் தரும் மெய்நிகர் டோக்கன், அடையாளம் பதிவில் ஏறும் இக்குறையைத் தீர்க்கும் என்பாருண்டு. அந்த டோக்கனையும் அடையாளம், வயது ஆகிய இரண்டோடும் பிணைத்தே விதி பேசுகிறது. பெயரின்றி வயதை மட்டும் மெய்ப்பிக்க அதில் தெளிவான வழி இல்லை.

இணையப் பண விளையாட்டுக்கு ஆதாரைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டு ஒழுங்குமுறைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று உறுதிசெய்தது. அந்தரங்க உரிமை வரம்பற்றதல்ல என்றும் கூறியது. அத்தீர்ப்பை இங்கே துணைக்கு அழைப்பது பொருந்தாது. அங்கே பேசப்பட்டது பணத்தையும் உயிரையும் குடித்த ஒரு விளையாட்டு. பாடம் படிப்பதையும் நோய் பற்றித் தேடுவதையும் அதனோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்த உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு கேட்கும் அளவுப்பொருத்தத்தை, அதாவது தலையீடு நோக்கத்தை மிஞ்சாதிருப்பதை, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியே காட்ட வேண்டும்.

10ஆம் விதி நடைமுறைக்கு வர அறிவிக்கையிலிருந்து 18 மாதம், அதாவது 2027 மே வரை, அவகாசம் உண்டு. அதற்குள் செய்ய வேண்டிய திருத்தங்கள் இரண்டு: டோக்கன் ‘18 வயது நிரம்பியவர்’ என்பதை மட்டுமே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், அது எந்தத் தளத்தில் பயன்பட்டது என்பதை வழங்கிய அமைப்பு பதிவுசெய்யக் கூடாது.