மணற்பலகை கடல் கடந்த கதை

மொன்றியல் நகரில் அகாடி சாலைக்கும் ரயில் பாதைகளுக்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கும் குடியிருப்பு பார்க் எக்ஸ்டென்ஷன். 1960களில் கிரேக்கர்களால் நிறைந்திருந்த இந்தப் பகுதியில் 1980களிலிருந்து ஈழத்தமிழர் குடியேறினார்கள். கியூபெக் மாகாணத்தில் 1977இல் வந்த 101ஆம் இலக்க மொழிச்சட்டத்தின்படி அவர்களுடைய பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அதன் முதற்படி ‘மத்தேர்னெல்’ என்னும் பாலர் வகுப்பு. அங்கே ஐந்து வயதுப் பிள்ளை தண்ணீர்த் தொட்டியில் கோப்பை கோப்பையாக ஊற்றி அளக்கிறது, மணல் தட்டில் விரலால் எழுத்து வரைகிறது, பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்து எண்ணுகிறது. ஊரிலென்றால் இந்த வயதுக்கு அரிவரியில் ஏறிக் கொப்பி நிறைய எழுதியிருக்குமே என்று வீட்டில் அங்கலாய்ப்பு. எழுத்தும் மனப்பாடமும் நம் மரபு, விளையாடிக் கற்பது வெள்ளைக்காரர் மரபு என்ற இந்தப் பிரிவினையைப் பிள்ளைகளின் பெற்றோரும் நம்புகிறார்கள், கல்வியாளர்களும் நம்புகிறார்கள். வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். ஒரு காலை குதிரையில் போகும்போது, தமிழ்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். திண்ணைப் பள்ளியில் அது அன்றாடக் காட்சி. மணலைப் பரப்பி, ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ விரலைப் பிடித்து முதல் எழுத்தை இழுத்துக் காட்டுவார். பிள்ளை அதன் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லும். உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கும். ஓலையும் எழுத்தாணியும் கை பழகிய பிறகுதான். பெல் தம் பள்ளியில் இதைப் புகுத்த முயன்றபோது அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனை வைத்தே சிறுவர்களுக்கு மணலெழுத்துக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். ‘மதராஸ் முறை’ பிறந்தது அப்படித்தான்.

லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர் அந்தப் புத்தகத்தைப் படித்தார், மணலைத் தம் வகுப்புக்கும் எடுத்துக்கொண்டார். பிறகு யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவர் கட்சிகளும் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டன. மணலில் எழுதிய தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த வழக்கில் யாரும் பங்கு கேட்கவில்லை! முறை அட்லாண்டிக்கைத் தாண்டியது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் 1819இல் சாசனம் பெற்ற பள்ளி அமைப்பின் பெயரே மதராஸ் பள்ளி. மொன்றியலில் 1822இல் லங்காஸ்டர் முறையில் ‘பிரிட்டிஷ் அண்ட் கனடியன் ஸ்கூல்’ சங்கம் தொடங்கப்பட்டது. 1829இல் லங்காஸ்டரே இந்த நகருக்கு வந்து சில ஆண்டுகள் பள்ளி நடத்தினார். பார்க் எக்ஸ்டென்ஷன் அப்போது வெறும் வயல்வெளி. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழ் அகதிகள் மீட்கப்பட்ட 1986க்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, சென்னைத் தெருவில் கண்ட பாடமுறை மொன்றியலுக்குள் நுழைந்துவிட்டது.

ஆனால் நுழைந்தது முழுப் பாடம் அல்ல. பெல்லும் லங்காஸ்டரும் மணலில் கண்ட பெருமை, அது காசு கேட்காது என்பது. காகிதமும் மையும் மிச்சம், ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கட்டி மேய்க்கலாம். லங்காஸ்டர் வகுப்பில் சட்டாம்பிள்ளை ஓர் எழுத்தைக் கட்டளையாகச் சொல்ல, வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் எழுதும். விரல் அதேபோல ஓடியது. சத்தமாகச் சொல்லும் வாய் மட்டும் பிள்ளையிடமிருந்து சட்டாம்பிள்ளைக்குப் போய்விட்டது. எண் பாடத்திலும் இழப்பு உண்டு. திண்ணைப் பிள்ளை எண்சுவடி என்னும் வாய்பாட்டோடு, எண்களுக்கான பொன்னிலக்கமும் தானிய அளவைகளுக்கான நெல்லிலக்கமும் படித்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. வீட்டு நெற்குதிருக்குப் பக்கத்தில் தினமும் கையில் படும் அளவுகள் இவை. கால், அரைக்கால், வீசம் என்று பின்னமும் இளவயதிலேயே வந்தது, கூலி பிரிக்கவும் கடன் கணக்குப் பார்க்கவும் அது தேவைப்பட்டதால். தமிழகத்தின் இந்தக் கணிதச் சுவடிகளை ஆராய்ந்த செந்தில் பாபு, திண்ணையின் மனப்பாடத்தை வெறும் கிளிப்பிள்ளைப் பாடமாகப் பார்க்கக்கூடாது, அன்றாட அளவைத் தொழிலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரி என்றே நினைக்கிறேன்.

இதற்கு மறுப்பு உடனே வரும்: திண்ணைப் பள்ளி என்ன சொர்க்கமா? இல்லை. கோதண்டம் போட்டுப் பிள்ளையைத் தொங்கவிட்ட இடம் அது. ஆளுநர் மன்றோவின் காலத்துக் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளைக் காட்டுகிறது. படித்தவர்களில் ஆண்கள் 1,84,110, பெண்கள் வெறும் 4,540. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைக்குப் பெரும்பாலும் திண்ணையே எட்டவில்லை. சாதி வாசலிலேயே தடுத்ததை மணல் எப்படிச் சரிசெய்யும்? ஆகவே திண்ணையை மீட்டெடுக்க வேண்டும் என்பது என் வாதம் அல்ல. இன்னொரு மறுப்பு இன்னும் கூர்மையானது: இன்றைய பாலர் வகுப்பின் மணல் தட்டு பெல்லிடமிருந்து வரவில்லை. உண்மைதான். ஃபிரோபெல் 1837இல் ஜெர்மனியில் தொடங்கியது தனி வழி. 1907இல் ரோமில் குழந்தைகள் இல்லம் திறந்த மரியா மான்டிசோரியின் உப்புத்தாள் எழுத்துகள், இதார், செகான் என்ற பிரெஞ்சு மருத்துவர்களின் வழியில் வந்தவை. அவர் 1939இல் அடையாறுக்கு வந்து, போர் காரணமாக இந்தியாவிலேயே தங்கிக் கொடைக்கானலில் பாடம் நடத்திய காலத்தில், சென்னைக்கு மணலெழுத்து புதுச்சரக்காகத் திரும்பி வந்தது. நேர்க்கோட்டு வம்சாவளி இல்லை என்பது என் வாதத்துக்குப் பலம்தான். வெவ்வேறு வழிகளில் வந்தவர்களும், கை முந்தி எழுதுகோல் பிந்தி என்ற முடிவுக்கே வந்திருக்கிறார்கள்.

கியூபெக் இந்த முடிவுக்கு மெதுவாகத்தான் வந்தது. பாலர் வகுப்பு முழுநாள் ஆனது 1997இல். வசதி குறைந்த பகுதிகளின் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு முழுநாள் வகுப்பு 2013இல். நான்கு வயதினருக்கும் ஐந்து வயதினருக்கும் பொதுவாக, விளையாட்டை மையமாக வைத்த பாடத்திட்டம் 2021இல். பிரெஞ்சே கேட்டிராத வீட்டுப் பிள்ளைக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது: சொல் தெரியாவிட்டாலும் எந்தக் கோப்பையில் கூட, எதில் குறைய என்று கை காட்டிவிடும். ஆனால் ஆசிரியர் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுக்காவிட்டால், நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றியும் பிரெஞ்சு வராது, எண்ணும் வராது. லங்காஸ்டர் தவறவிட்டதும் இந்தப் பேச்சைத்தான்.

வீட்டார் கேட்கும் கொப்பி எழுத்துக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு. 1860களில் சென்னை மாகாணத்திலும், 1870 வாக்கில் இலங்கையிலும், தேர்ச்சி பெற்ற தலைகளை எண்ணிப் பள்ளிக்கு மானியம் கொடுக்கும் முறையை அரசு கொண்டுவந்தது. பரிசோதகர் வரும் நாளில் காட்டுவதற்குக் கையெழுத்து வேண்டும், வாசிப்பு வேண்டும், கணக்கு விடை வேண்டும். மணல் ஓரம் போனது, சிலேட்டும் கொப்பியும் நடுவே வந்தன. விசயதசமியில் அரிசியில் விரல் வைத்து ஏடு தொடக்கும் சடங்கில் மட்டும் பழைய பாடம் ஒரு நாள் அளவுக்குத் தங்கிவிட்டது. இன்று மொன்றியலின் வார இறுதித் தமிழ் வகுப்பில் ‘அ’வைப் பக்கம் நிறையப் பார்த்தெழுதும் பிள்ளை, மானியப் பரிசோதகருக்காக ஏற்பட்ட பயிற்சியைச் செய்கிறது. வார நாளில் அதே பிள்ளை தண்ணீர்த் தொட்டியில் இரண்டு சின்னக் கோப்பை ஒரு பெரிய கோப்பைக்குச் சரி என்று பிரெஞ்சில் கண்டுபிடிக்கிறது. அது நெல்லிலக்கத்தின் ஒரு வரி.