சுண்ணாம்பு பூமியில் ஒரு பச்சை மைதானம்

எங்கள் களக்காட்டில் குளம் வற்றும்வரை கிரிக்கெட்டுக்கு இடம் கிடையாது. பார்க்கும் இடமெல்லாம் வாழை, வாழை இல்லாத இடத்தில் நெல். கோடையில் குளத்துத் தரை காய்ந்து வெடித்த பிறகுதான் பையன்கள் குச்சியை நட்டு, டென்னிஸ் பந்தோடு இறங்குவார்கள். அப்படி ஆடி வளர்ந்த நான், 2016 ஆவணியில் ஒரு மாலை, நாங்குநேரி வழியாக நெல்லை வந்து, அங்கே பேருந்து மாறித் தாழையூத்தில் இறங்கினேன். சங்கர் நகர் சிமெண்ட் ஆலை மைதானத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் பருவம் அது.

அந்த மைதானம் அங்கே இருப்பதற்குக் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் கல்லிடைக்குறிச்சிக்காரரான எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் 1946ல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1949ல் ஆலை ஓடத் தொடங்கியது. ஐயர் பெயரால் ஆலைக்குடியிருப்பு சங்கர் நகர் ஆனது. குடியிருப்பு வந்தால் பள்ளிக்கூடம் வரும், மைதானமும் வரும்.

ஆலையும் சுரங்கமும் இருக்கும் இடத்தில் ஆட்டம் வேரூன்றுவது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஐஸ் ஹாக்கியின் முதல் தொழில்முறை லீக் பிறந்தது பெரிய நகரம் எதிலும் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், செம்பு வெட்டி எடுக்கும் ஹௌட்டன் என்ற சிற்றூர்தான் அதற்கு மையம். காசு வாங்கிக்கொண்டு ஆடியதற்காகக் கனடாவில் தடை செய்யப்பட்ட கிப்சன் என்ற பல் மருத்துவர் அங்கே போய்ச் சேர்ந்தார். 1904ல் ஐந்து அணிகளோடு லீக் தொடங்கியது. முதல் கோப்பை பக்கத்துச் சுரங்க ஊரான கலுமெட்டுக்குப் போனது. மூன்றே பருவங்களில், 1907ல், லீக் முடிந்துவிட்டது. ஆனாலும் ஆடுகிறவனுக்குக் கூலி உண்டு என்பதை அந்தப் பனிப்பிரதேசம் ஒளிவு மறைவில்லாமல் ஒப்புக்கொண்டது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் லீக் பிறந்த சூழல் வேறு. 2015 ஜூலையில் லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தது. மஞ்சள் சட்டை இல்லாத கோடையாகக் கழிந்தது 2016. அந்த ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் புதிய லீக் தொடங்கியது. எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு லீக் ஆட்டங்கள். சென்னை, திண்டுக்கல்லை அடுத்த நத்தம், நெல்லை என மூன்றே இடங்கள். ஆடியவர்கள் அத்தனை பேரும் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள்.

சேப்பாக்கம், திருவள்ளூர், காஞ்சி, கோவை, மதுரை, திண்டுக்கல், காரைக்குடி, தூத்துக்குடி என்று அணிகளின் ஊர்ப்பெயர்களை வாசித்துப் பாருங்கள். மைதானம் கொடுத்த நெல்லைக்கு அணி இல்லை! அந்த வருத்தத்தோடுதான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மாவட்டம் என்ற பாசத்தில் தூத்துக்குடியைச் சொந்த அணியாக எடுத்துக்கொண்டோம். ஒரு காலத்தில் ஒரே மாவட்டமாக இருந்தவர்கள்தானே.

பாசம் வீண்போகவில்லை. செப்டம்பர் 18 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் தூத்துக்குடி இரண்டே விக்கெட்டுக்கு 215 ரன் குவித்தது. சேப்பாக்கம் அணியை அவர்கள் ஊரிலேயே 93 ரன்னுக்குச் சுருட்டி, 122 ரன் வித்தியாசத்தில் கோப்பையைத் தூக்கியது. மதுரைதான் பாவம். ஏழு ஆட்டத்திலும் தோல்வி. மறு ஆண்டும் அதே கதை. 2018ல் அதே மதுரை கோப்பையை வென்றது தனி அத்தியாயம்.

அந்தப் பருவத்தில் என் மனதில் நிற்பது கோப்பை அல்ல, சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் என்ற இடக்கை வேகப்பந்து வீச்சாளர். டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர். திண்டுக்கல் அணிக்காக ஆடிய அவர், தூத்துக்குடிக்கு எதிரான ஆட்டம் சூப்பர் ஓவருக்குப் போனபோது ஆறு பந்தையும் யார்க்கராகவே இறக்கினார். அடுத்த பிப்ரவரி ஐபிஎல் ஏலத்தில் அவருடைய தொடக்க விலை 10 லட்சம். பஞ்சாப் எடுத்த விலை 3 கோடி. எங்கள் குளத்தில் ஆடிய பையன்களும் அதே பந்தில்தான் ஆடினார்கள். ஆறு யார்க்கர் போடக்கூடியவன் அவர்களில் இருந்தானா என்று எண்ணிப் பார்க்கிறேன். இருந்திருந்தாலும் 2016க்கு முன் யார் கண்ணில் பட்டிருப்பான்?

பிறகு அணிகளின் ஊர்கள் மாறின. முதல் கோப்பை வென்ற தூத்துக்குடிக்கு இன்று அணியே இல்லை. நெல்லைக்கு 2021ல் ராயல் கிங்ஸ் என்ற பெயரில் அணி வந்தது. 2023 ஜூலை 12 அன்று இறுதி ஆட்டம் சங்கர் நகருக்கே வந்தது. சொந்த மைதானத்தில் நெல்லையும் கோவையும் மோதின. இத்தனை ஆண்டு காத்திருந்த சனத்துக்கு முன்னால் கோவை 205 ரன் அடித்தது. நெல்லை 101 ரன்னில் சுருண்டது.

(தொடரும்)