இருட்டே சுவராக இருந்த காலம்

ஜொகூரின் குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் பக்கத்துப் பால்மரத் தோட்டங்களில் குளியலறை என்று தனியாக ஒன்று வெகுகாலம் கிடையாது. லயத்துக்குப் பொதுவாக ஒரு குழாய், ஒரு சிமெண்டுத் தொட்டி, அவ்வளவுதான். ஆண்கள் வேலை முடிந்து பகலிலேயே குளித்துவிடுவார்கள். பெண்கள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகுமுன் கருக்கலிலோ, பொழுது சாய்ந்த பிறகோ, பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு போவார்கள். விளக்கு எடுத்துப் போகமாட்டார்கள். இருட்டுதான் அவர்களுக்குச் சுவர். என் அம்மா அப்படிக் குளித்து வளர்ந்தவர்.

நான் ஜொகூர் பாருவில் வயரிங் வேலை செய்கிறவன். நம்மவர் வீடுகளில் வரவேற்பறைக்கு ஆறு விளக்கு கேட்பார்கள், சாமி மேடைக்கு இரண்டு. குளியலறைக்கு வந்ததும், “குளிக்கத்தானே தம்பி, ஒண்ணு போதும்” என்பார்கள். இந்தப் பேச்சின் வேர் அந்தப் பொதுக் குழாயடியில் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில்பாதை 1909இல் முடிந்தது. பாதையோரக் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. விடியுமுன் மரம் சீவப் போனவர்கள் நெற்றியில் கார்பைட் விளக்கு கட்டினார்கள். வீட்டில் மண்ணெண்ணெய்ச் சிம்னி. மரத்துக்கு வெளிச்சம் உண்டு, குளிக்கிறவளுக்கு இல்லை.

1948 முதல் 1960 வரை அவசரகாலம். ஜொகூரில் கம்யூனிஸ்டுகளுக்கும் அரசுக்கும் இடையே மோதல் கடுமை. தோட்ட மக்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். சில இடங்களில் வேலியோரம் இரவெல்லாம் விளக்கு எரிந்தது. அம்மா இருந்த தோட்டத்தில் அந்த வெளிச்சம் குழாயடி வரை விழுந்ததாம். பெண்கள் கோணிப்பைகளைப் பிரித்துத் தைத்து மறைப்புக் கட்டியிருக்கிறார்கள். காவலுக்காக வந்த வெளிச்சம் அவர்களிடம் இருந்த ஒரே மறைப்பையும் எடுத்துக்கொண்டது. அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

மத்திய மின்சார வாரியம் 1949இலேயே அமைந்துவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் டீசல் ஜெனரேட்டர்தான், அதுவும் மாலையில் சில மணி நேரம். தொழிலாளர் குடியிருப்புத் தரத்துக்கு 1966இல் சட்டம் வந்தது. 1990இல் வந்த சட்டம் குழாய்நீரையும் மின்சாரத்தையும் முதலாளியின் கடமையாகவே எழுதியது. அதற்குள் பலர் தோட்டத்தை விட்டே கிளம்பியிருந்தார்கள். பாசிர் கூடாங் துறைமுகம் 1977இல் திறந்தபின் தொழிற்சாலை வேலை தேடி மாசாய், ஸ்கூடாய் என்று குடிபெயர்ந்தோம். 1982இல் மலிவு வீட்டுக்கு உச்சவிலை 25,000 ரிங்கிட் என்று வைத்தார்கள். வாழ்நாளில் முதன்முறையாக நான்கு சுவரும் தாழ்ப்பாளும் உள்ள குளியலறை அம்மாவுக்கு அப்படியொரு மலிவு வீட்டில்தான் கிடைத்தது. அடுப்படிக்குப் பின்னால், கூரை நடுவில் ஒரே குண்டு பல்பு. சுவர் வந்துவிட்டது, ஆனால் இருட்டை யாரும் வெளியே அனுப்பவில்லை.

நம் குளியலறைத் தரை ஈரமாகவே கிடக்கும். தீபாவளி எண்ணெய்க் குளியலன்று எண்ணெயும் சேரும். நடுக்கூரையில் ஒரே விளக்கு என்றால் குனிந்து தண்ணீர் மொள்பவரின் நிழல் அவர் காலடியிலேயே விழுகிறது. வழுக்கும் இடம் தெரியாது. அதனால் தொட்டிப் பக்கம் ஒன்று, கழிப்பிடத்தின் பக்கம் ஒன்று என்று பிரித்துப் போடுகிறேன். கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கு வேண்டாம். புருவத்துக்கும் மூக்குக்கும் அடியில் நிழல் விழும். கண் மட்டத்தில் இரு பக்கமும் வைத்தால் சவரம் செய்யவும் பொட்டு வைக்கவும் முகம் சீராகத் தெரியும். நிறத்துக்கு 4,000 கெல்வின் போதும். 6,500இன் நீலவெள்ளை, பளபளக்கும் வெள்ளை ஓட்டில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். இரவில் எழும் வயதானவர்களுக்கு 2,700 கெல்வினில் மங்கலான விளக்கு ஒன்று, தனி சுவிட்சோடு, கட்டாயம் வேண்டும்.

தண்ணீர் தெறிக்கும் இடத்தில் ஐபி 44 என்ற நீர்த்தடுப்புத் தரத்துக்குக் குறைந்த விளக்கை நான் மாட்டுவதில்லை. ஜொகூரின் ஈரக்காற்றில் பழைய டியூப் லைட்டின் ஸ்டார்ட்டரும் பட்டியும் துருப்பிடித்து உதிர்வதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். தரை நனையக்கூடிய இடத்துக்கு 10 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் சொல்கின்றன. சுடுநீர்க் கருவி மாட்டுகிறவர்கள் இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கக்கூடாது. வெறுங்காலில் ஈரத்தரையில் நிற்பவர் உடலில் மின்சாரம் பாய்ந்தால் தப்புவது அரிது.

இன்றும் புதுவீட்டு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். குளியலறையில் நட்டநடுவே ஒரே புள்ளி. ஓடு பதித்த பிறகு கூப்பிட்டால் சுவரை உடைக்கத்தான் வேண்டும். பூச்சு வேலை தொடங்குமுன், வீட்டில் இருக்கும் பாட்டியை அந்த இடத்துக்கே கூட்டிப்போய், எங்கே உட்கார்ந்து குளிப்பார், எந்தப் பக்கம் கை ஊன்றி எழுவார் என்று கேட்டுவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.